பம்பைத் திருப்புவதற்கு முன்: டீசல் இன்ஜெக்‌ஷன் பம்பு டைமிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் லோரி, வேன், பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்து கேட்பதும், போனில் கேட்பதும் பெரும்பாலும் இவைதான். நான் டீசல் பம்பு வேலை பார்ப்பவன். பம்பை எஞ்சினிலிருந்து கழற்றுவதற்கு முன் இதைப் படித்தால் பாதிப் பேருக்குக் கழற்ற வேண்டிய தேவையே இருக்காது.

டைமிங் என்று எதைச் சொல்கிறீர்கள்?

பெட்ரோல் எஞ்சினில் பிளக் பொறி தட்டும் நேரம் எப்படியோ, டீசலில் நோசலிலிருந்து எண்ணெய், அதாவது டீசல், பீய்ச்ச ஆரம்பிக்கும் நேரம் அப்படி. பிஸ்டன் மேலே ஏறிக் காற்றை அழுத்தி அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்ற வேண்டும். பீய்ச்சியவுடன் பற்றிவிடாது, கொஞ்சம் தாமதம் உண்டு. அந்தத் தாமதத்தைக் கணக்கில் வைத்து, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பீய்ச்சத் தொடங்க வேண்டும்.

எவ்வளவு முன்பே என்பதுதான் தலைவலி, ஏனென்றால் அது வேகத்துக்கு வேகம் மாறும். எஞ்சின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒரு மில்லி வினாடியில் கிராங்க் தண்டு 18 டிகிரி சுற்றிவிடும். ஐட்லிங்கில் 750 என்றால் அதே மில்லி வினாடியில் நாலரை டிகிரிதான். இதோடு இன்னொன்றும் இருக்கிறது. பம்பு தள்ளிய அழுத்தம் இரும்புக் குழாய் வழியாக நோசலுக்குப் போய்ச் சேரவும் நேரம் ஆகும். டீசலில் அழுத்த அலை வினாடிக்கு ஏறக்குறைய 1,400 மீட்டர் ஓடும், குழாய் 60 செ.மீ. என்றால் 0.43 மில்லி வினாடி, 3,000 ஆர்பிஎம்மில் அதுவே கிட்டத்தட்ட 8 டிகிரி கிராங்க். அதனால்தான் பக்கத்திலிருக்கும் சிலிண்டருக்குப் போகிற குழாயைக் கூட வளைத்து நெளித்து மற்றதோடு ஒரே நீளமாக வைத்திருக்கிறார்கள். ஒரு குழாய் உடைந்தால் நீளம் பார்க்காமல் கிடைத்ததைப் போடாதீர்கள்.

டைமிங் தப்பியிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

சீக்கிரம் பீய்ச்சினால் எஞ்சின் சத்தம் கடுமையாகும், டக் டக் என்று இரும்பால் அடிப்பது போல. அழுத்தம் தேவைக்கு மேல் ஏறி, நாளடைவில் பிஸ்டனையும் ஹெட் கேஸ்கெட்டையும் தின்னும். தாமதமாகப் பீய்ச்சினால் சத்தம் மிருதுவாகிவிடும், காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது வெள்ளைப் புகை, கண்ணை எரிக்கும் டீசல் வாடை, இழுவை இல்லை, எக்ஸாஸ்ட் மட்டும் கொதிக்கும்.

கறுப்புப் புகை வேறு கதை. அதற்கு முதல் காரணம் காற்றுக் குறைவு அல்லது எண்ணெய் அதிகம்: ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ குழாயில் ஓட்டை, எண்ணெயின் உச்ச அளவை வரையறுக்கும் ஃபுல் லோட் ஸ்க்ரூவின் சீலை யாரோ உடைத்துத் திருகியிருப்பது, தேய்ந்த நோசல். டைமிங் தாமதமும் கறுப்பைக் கூட்டும், ஆனால் அங்கிருந்து தேட ஆரம்பிக்காதீர்கள். 1996-ஆம் ஆண்டு டீசல் புகைக் கட்டுப்பாட்டு விதிகளின்படி வரம்பு 50 எச்எஸ்யு (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு). புகைச் சோதனையில் தோற்ற வண்டியைக் கொண்டுவந்து "அண்ணே, டைமிங் கொஞ்சம் திருப்பி விடுங்கள்" என்பவர்களிடம் நான் முதலில் ஏர் ஃபில்டரைத்தான் கேட்பேன்.

என் ஃபோர்மேன் காதால் கேட்டே டைமிங் வைக்கிறார். அது போதாதா?

அனுபவசாலியின் காது சத்தத்தில் தப்பைக் கண்டுபிடிக்கும். அதை நான் மதிக்கிறேன். ஆனால் காது பிடிப்பது ஐட்லிங் சத்தத்தை மட்டும். பம்பைச் சத்தம் இனிமையாகும் வரை திருப்பினால், அது கிட்டத்தட்ட எப்போதும் தாமதப் பக்கம் போய் நிற்கும், ஏனென்றால் தாமதமான டைமிங்தான் மிருதுவாகக் கேட்கும். அப்புறம் அதே வண்டி சரக்கோடு தெற்கே போகும்போது தைப்பிங் தாண்டிப் புக்கிட் பெராப்பிட் ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது.

இழுவைக்காகத் திருப்புபவர்கள் எதிர்ப் பக்கம் தப்பு செய்வார்கள். கொஞ்சம் முன்னால் தள்ளினால் வண்டி துடிப்பாக ஓடுவது போலத் தெரியும். சில மாதம் ஓடும், அப்புறம் கேஸ்கெட் போகும். அப்போது யாரும் பம்பை நினைக்க மாட்டார்கள்.

அப்படியென்றால் சரியாக வைப்பது எப்படி?

ஹைலக்ஸ், பழைய பஜேரோ, ஸ்டோர்ம் போன்ற வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் விஇ வகைச் சுழல் பம்பு. போஷ் 1970களின் நடுவில் கொண்டுவந்த வடிவம் அது. ஜப்பானில் உரிமம் வாங்கி டீசல் கிக்கியும், அதாவது பின்னாளைய செக்செல், டென்சோவும் செய்தார்கள். நாலு சிலிண்டருக்கும் ஒரே பிளஞ்சர்தான், அதாவது எண்ணெயை அழுத்தித் தள்ளும் தண்டு. சுற்றிக்கொண்டே முன்னும் பின்னும் அடித்து ஒவ்வொரு சிலிண்டருக்காகப் பங்கிட்டுக் கொடுக்கும்.

இதற்கு டயல் கேஜ் வேண்டும். நாலு குழாய்களுக்கும் நடுவில் பம்பின் தலையில் ஒரு போல்ட் இருக்கும், அதைக் கழற்றி அடாப்டரோடு கேஜைப் பொருத்துங்கள். குழாய் நட்டுகளை முதலிலேயே தளர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் பம்பு திரும்பும்போது குழாய் முறுக்கிக்கொள்ளும். முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியிலிருந்து கிராங்கை மெல்லப் பின்னால் கொண்டுபோனால் ஓர் இடத்தில் முள் அசையாமல் நிற்கும், பிளஞ்சர் முழுக்க இறங்கிய இடம் அது. அங்கே கேஜைப் பூஜ்யம் வையுங்கள். பிறகு எஞ்சின் ஓடும் திசையிலேயே கிராங்கைச் சுற்றி எஞ்சினின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். சில எஞ்சினுக்கு அது உச்சிப் புள்ளி, சிலவற்றுக்கு உச்சி தாண்டிச் சில டிகிரி. அங்கே முள் காட்டும், பிளஞ்சர் ஏறிய உயரம் புத்தக அளவோடு ஒத்துவர வேண்டும். பல எஞ்சின்களில் அது ஒரு மில்லிமீட்டரை ஒட்டி வரும், அனுமதிக்கும் வித்தியாசமோ ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குதான். வரவில்லை என்றால் பம்பு நட்டுகளைத் தளர்த்திப் பம்பைத் திருப்பி, இறுக்கி, கிராங்கை முழுதாக இரண்டு சுற்று சுற்றி மறுபடி பாருங்கள். இறுக்கும்போதே அளவு நகர்ந்துவிடுவது சகஜம், ஆகவே இந்த மறுபடி பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். பாதி வழியில் தாண்டிப் போய்விட்டால் சும்மா பின்னால் இழுத்துச் சரிக்கட்டாதீர்கள், நிறையப் பின்னால் போய் மறுபடி முன்னால் வாருங்கள். கியர், பெல்ட் எல்லாவற்றிலும் இருக்கும் லூஸ் அப்போதுதான் ஒரே பக்கம் சேரும்.

உங்கள் எஞ்சின் எண், பம்பு எண் இரண்டுக்கும் உரிய அளவுதான் அளவு. மிட்சுபிஷியின் ஒரே 4டி56 எஞ்சினிலேயே டர்போ உள்ளது, இல்லாதது, பம்பு செய்த கம்பெனி என்று வித்தியாசம் வரும். பக்கத்து வண்டிக்கு வைத்த அளவை உங்களுக்கு வைக்க விடாதீர்கள்.

கேஜில் அளவு சரியாக இருக்கிறது. ஆனாலும் ஏற்றத்தில் இழுக்கவில்லையே?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். கேஜ் காட்டுவது எஞ்சின் நிற்கும்போது உள்ள டைமிங். ஓடும்போது வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்னால் தள்ளுவது பம்புக்குள் இருக்கும் அட்வான்ஸ் பிஸ்டனின் வேலை. பம்பின் அச்சிலேயே ஒரு சிறிய வேன் பம்பு இருக்கிறது, அது எண்ணெயை உறிஞ்சிப் பம்பின் வயிற்றை அழுத்தத்தில் வைத்திருக்கும், வேகம் ஏற ஏற அந்த அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் ஸ்பிரிங்கை எதிர்த்து அட்வான்ஸ் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன், பிளஞ்சரை அடிக்க வைக்கும் உருளைகள் உள்ள வளையத்தைச் சுழற்சிக்கு எதிராகத் திருப்ப, பிளஞ்சர் முன்கூட்டியே அடிக்கும்.

இந்த வடிவத்தில் பலவீனம் என்று நான் சொல்வது இங்கேதான் இருக்கிறது. பிஸ்டன் ஓடுவது அலுமினிய உடலில், அதற்கு மசகு வெறும் டீசல். தண்ணீரும் தூசியும் கலந்த டீசல் பல வருடம் ஓடினால் அந்தத் துளை தேயும், கோடு விழும். பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும், அல்லது அழுத்தம் பக்கவாட்டில் கசிந்து பிஸ்டன் போக வேண்டிய தூரம் போகாது. வேன் பம்பு தேய்ந்தாலும் இதே விளைவு. ஐட்லிங்கில் எல்லாம் சரி, 2,500-க்கு மேலே டைமிங் பின்தங்கிவிடும்.

அப்போது பலரும் செய்வது பம்பைக் கொஞ்சம் முன்னால் திருப்பி வைப்பது. ஏற்றத்தில் கொஞ்சம் இழுக்கும், ஆனால் ஐட்லிங்கில் டைமிங் இப்போது அளவுக்கு மேல் முன்னால் போய் அடிக்கும். தேய்மானம் அப்படியே இருக்கிறது, அதன் மேல் ஒரு தப்பான அளவையும் ஏற்றி வைத்தாயிற்று. தேய்ந்த பம்பைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. பம்பைத் தனியாகச் சுற்றிச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி ஒவ்வொரு வேகத்திலும் உள் அழுத்தமும் அட்வான்ஸும் எவ்வளவு என்று பார்த்துத்தான் முடிவு எடுக்க வேண்டும். அந்த அளவுகள் எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள்.

பெஞ்சுக்கு அனுப்புவதற்கு முன் நானே பார்க்கக்கூடியது என்ன?

நிறைய உண்டு, செலவும் குறைவு. விஇ பம்பு இருக்கும் ஜப்பானிய பிக்கப்களில் பெரும்பாலும் டாங்கியிலிருந்து தள்ளிவிட மின்சாரப் பம்பு கிடையாது, உள்ளே இருக்கும் வேன் பம்புதான் உறிஞ்சுகிறது. ஆகவே வழியில் எங்கே ஓட்டை இருந்தாலும் எண்ணெய் வெளியே கசியாமல் காற்று உள்ளே போகும். ஃபில்டருக்கு மேலே இருக்கும் கை பம்பின் ரப்பர்தான் முதல் குற்றவாளி. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே கொஞ்ச நேரம் ஒரு தெளிவான குழாயைப் போட்டு ஓடவிட்டுப் பாருங்கள், குமிழி ஓடினால் காற்று. காற்று போனால் உள் அழுத்தம் ஏறாது, அழுத்தம் ஏறாவிட்டால் அட்வான்ஸும் வராது. டைமிங் தப்பியது போலவே எல்லா அறிகுறியும் வரும்.

இன்னொன்று, பம்பின் மேலே திரும்பிப் போகும் குழாயைப் பிடிக்கும் போல்ட். அதன் தலையில் 'அவுட்' என்று பொறித்திருக்கும், உள்ளே மிகச் சிறிய துளை. உள்ளே வரும் பக்கத்துப் போல்ட்டும் பார்ப்பதற்கு அப்படியே இருக்கும், ஆனால் துளை பெரியது. ஃபில்டர் மாற்றும்போதோ பம்பைக் கழுவும்போதோ இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால், சின்னத் துளை வழியாக எண்ணெய் உள்ளே வரத் திணறும், பெரிய துளை வழியாக அழுத்தம் ஓடிப்போகும். இந்த ஒரு போல்ட்டுக்காகப் பம்பு முழுவதையும் பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் வலிக்கிறது.

அப்புறம் டாங்கியிலிருந்து வரும் பழைய ரப்பர் குழாய், ஃபில்டரில் தேங்கிய தண்ணீர். அவ்வளவுதான்.

எஞ்சின் ஓடும்போது நோசல் குழாய்க் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்திய அளவுதான் தெரியும், வலி கூட அப்போது இருக்காது, ஆனால் அது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம்.

காலையில் மட்டும் எஞ்சின் வேகமாக ஓடுகிறது, டக் டக் என்கிறது. சூடானால் சரியாகிறது. பழுதா?

சூடானதும் சரியாகிறது என்றால் பழுது இல்லை. குளிர் நாட்டை நினைத்துச் செய்த பம்பு அது. பக்கவாட்டில் மெழுகு அடைத்த ஒரு சிறிய கருவி இருக்கும், ரேடியேட்டர் தண்ணீர் அதன் வழியே ஓடும். தண்ணீர் சூடானால் மெழுகு விரிந்து, அட்வான்ஸையும் ஐட்லிங்கையும் இயல்புக்குக் கொண்டுவரும். பினாங்கில் அதற்கு வேலையே இல்லை என்று சொல்லி அந்தத் தண்ணீர்க் குழாயைக் கழற்றி நேராகச் சேர்த்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மெழுகு என்றைக்கும் சூடாகாது, நாள் முழுக்கக் குளிர்கால டைமிங்கிலேயே எஞ்சின் ஓடும். கேஜ் வைத்துப் பார்க்கும்போதும் இந்தக் கருவியின் நெம்பை விடுவித்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் தப்பான அளவைப் பார்த்துச் சரியான பம்பைத் திருப்பிவிடுவீர்கள்.

டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு ஸ்டார்ட் ஆகவே கஷ்டமாக இருக்கிறது.

ஒரு பல் தவறியிருக்கும். பம்பு புல்லியில் 40 பல் என்றால் ஒரு பல் 9 டிகிரி, பம்பு பாதி வேகத்தில் சுற்றுவதால் கிராங்கில் அது 18 டிகிரி. பம்பைத் திருப்பி இதை ஈடுகட்டப் பார்க்காதீர்கள், பெல்ட்டைக் கழற்றிக் குறியைப் பாருங்கள். பெல்ட்டை எடுத்ததும் பிளஞ்சர் ஸ்பிரிங்கின் இழுப்பால் புல்லி தானாகக் கொஞ்சம் நகரும், அதைக் கவனிக்காமல் பெல்ட் போடுவதில்தான் இந்தத் தப்பு நடக்கிறது.

லோரியில் இருக்கும் நீளப் பம்புக்கும் இதே முறையா?

இல்லை. ஹீனோ, ஃபூசோ போன்ற பழைய லோரிகளில் இருக்கும் வரிசைப் பம்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி பிளஞ்சர், போஷ் 1927-இலேயே தொடர் உற்பத்தியில் கொண்டுவந்த அடிப்படை அது. கேம் பகுதிக்கு மசகு எஞ்சின் எண்ணெய், டீசலை மட்டும் நம்பி ஓடுவதில்லை. இது சுழல் பம்பைவிட நெடுநாள் உழைப்பதற்கு முக்கியமான காரணம் அதுதான். அட்வான்ஸ் வேலையை முன்னால் இருக்கும் எடைக் குண்டுகள் செய்கின்றன. அவற்றைப் பிடிக்கும் ஆணிகளும் ஸ்பிரிங்கும் தேய்ந்தால் ஐட்லிங்கில் டைமிங் ஆடும்.

டைமிங் வைக்க முதல் சிலிண்டரின் டெலிவரி வால்வைக் கழற்றி, வளைந்த குழாய் ஒன்றைப் போட்டு, கை பம்பால் எண்ணெய் ஓடவிட்டு, கிராங்கை மெல்லச் சுற்றுவார்கள். ஒழுகல் நின்று சொட்டாக மாறும் இடமே பிளஞ்சர் வாசலை மூடும் இடம், ஃப்ளைவீல் குறியோடு அது ஒத்துப்போக வேண்டும். கமின்ஸில் வந்த பி7100 போன்ற பம்புகளில் கியர், கூம்பு அச்சில் சாவி இல்லாமல் இறுக்கத்தில் மட்டுமே நிற்கும். கூம்பில் துளி எண்ணெய் இருந்தாலும், நட்டைச் சரியான டார்க்கில் இறுக்காவிட்டாலும், கியர் வழுக்கி டைமிங் தாமதமாகிவிடும். துடைத்து உலர்த்திவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

பயோடீசல்தான் பம்பைக் கெடுக்கிறது என்கிறார்களே?

பாதி உண்மை. யூரோ 5 டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான். கந்தகத்தை அகற்றும் சுத்திகரிப்பில் எண்ணெயின் இயற்கையான வழவழப்பும் போய்விடும், டீசலையே மசகாக நம்பும் சுழல் பம்புக்கு அது கெடுதல். செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் அந்த வழவழப்பைத் திருப்பிக் கொடுக்கிறது, இரண்டு விழுக்காடு கலந்தாலே போதும், நம் நாட்டில் 2019-இலிருந்து பி10, அதாவது பத்து விழுக்காடு பயோடீசல். தேய்மானத்தைப் பொறுத்தவரை அது பம்புக்கு நண்பன்.

கெடுதல் வேறு இடத்தில். பயோடீசல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பழைய டாங்கியில் படிந்த அழுக்கைக் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவரும், பழைய வகை நைட்ரைல் ரப்பரைக் கெடுக்கும். ஆகவே பம்பைப் பிரிக்கும்போது விட்டான் வகை ஓ-ரிங் போடச் சொல்லுங்கள், தண்ணீர் பிரிப்பானைத் தவறாமல் வடியுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியின் டாங்கியைக் காலியாக விடாதீர்கள், நம் ஊர் ஈரக்காற்றுக்கு உள்ளே தண்ணீர் கோர்க்கும். 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 3.35 ரிங்கிட்டுக்கு ஏறிய பிறகு டிரம்மில் மலிவாக வாங்கி ஊற்றுகிற ஆசை சிலருக்கு வந்தது. அந்த எண்ணெயில் மிச்சம் பிடித்ததைப் பம்பு கடையில் பல மடங்காகக் கொடுக்க வேண்டிவரும்.

வடிவமைப்பிலேயே கோளாறு என்று சொல்லக்கூடிய பம்புகள் உண்டா?

உண்டு. அமெரிக்க ஸ்டானடைன் டிபி2 பம்பில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் எடைகளைப் பிடிக்கும் ஒரு பிளாஸ்டிக் வளையம் வருடங்கள் போக நொறுங்கி, கறுப்புத் துகள்களாகத் திரும்பும் வழியை அடைத்துவிடும். இப்போது வரும் மாற்று வளையம் அந்தக் குறையை நீக்கிவிட்டது, பழையதைக் கண்டால் மாற்றுங்கள். போஷ் விபி44 பம்பில் மின்னணுப் பலகை பம்பின் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது, ஓடும் டீசல்தான் அதைக் குளிர்விக்கிறது. டாங்கியிலிருந்து எண்ணெயைத் தள்ளிக் கொடுக்கும் பம்பு பலவீனமானால் பலகையும் வேகும், உள்ளே உலோகமும் தேயும். நிசானின் இசட்டி30 எஞ்சினில் சில வகைகளுக்கு இந்தப் பம்புதான்.

எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே அழுத்தக் குழாயிலிருந்து எண்ணெய் போகும் காமன் ரெயில் வகையில், போஷ் சிபி4 பம்பு. கேமின் மேல் உருளும் ரோலர் தன் இருப்பிடத்தில் திரும்பிக்கொண்டால் கேமைச் சுரண்ட ஆரம்பிக்கும், அந்த இரும்புத் துகள் ரெயில், நோசல், டாங்கி வரை போய் முழு எரிபொருள் அமைப்பையும் நாசமாக்கும். அமெரிக்காவில் வழக்குகள் வரை போன விஷயம். அந்தப் பம்பு உள்ள வண்டி என்றால் ஃபில்டர் மாற்றும்போது பழைய ஃபில்டரை வெட்டிப் பாருங்கள், வெள்ளி போல மினுங்கினால் அன்றே நிறுத்திவிடுங்கள்.

காமன் ரெயிலில் பம்பு டைமிங் உண்டா?

பீய்ச்சும் நேரத்தைப் பம்பு தீர்மானிப்பதில்லை. பம்பு அழுத்தத்தை மட்டும் கட்டி வைக்கும், எப்போது திறப்பது என்று இன்ஜெக்டருக்கு எஞ்சினின் கணினியான ஈசியு சொல்லும், அது கிராங்க் சென்சாரையும் கேம் சென்சாரையும் பார்த்து முடிவெடுக்கிறது. சில எஞ்சின்களில் மட்டும் அழுத்தத் துடிப்பு சீராக இருக்கப் பம்பையும் குறி வைத்து மாட்டச் சொல்வார்கள். 2கேடி ஹைலக்ஸில் ஐட்லிங் ஆடினால் பலர் டைமிங் என்பார்கள், நான் முதலில் பார்ப்பது பம்பின் பின்னால் இருக்கும் எஸ்சிவி என்னும் உறிஞ்சு கட்டுப்பாட்டு வால்வை.

ஹாஃப் கட் கடையில், அதாவது பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் கடையில், பம்பு வாங்கலாமா?

வாங்கலாம், பார்த்து வாங்குங்கள். பம்பில் ஒட்டியிருக்கும் தகட்டு எண் உங்களுடையதோடு ஒத்துப்போக வேண்டும். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் கேம் தூக்கும் உயரம், அட்வான்ஸ் ஸ்பிரிங், சுழலும் திசை எல்லாம் வேறாக இருக்கலாம். அச்சைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் வேண்டாம். ஃபுல் லோட் ஸ்க்ரூவின் சீல் உடைந்திருந்தால் யாரோ திருகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உள்வரும் குழாய் வாயில் விரலை விட்டுப் பாருங்கள், காவி நிறத் துரு ஒட்டினால் தண்ணீர் குடித்த பம்பு அது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். நன்றாகத் தெரிந்தாலும் மாட்டுவதற்கு முன் பெஞ்சில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கொண்டுபோகும்போது எல்லா வாயையும் மூடியால் அடையுங்கள், துணியால் அடைக்காதீர்கள், ஒரு நூல் உள்ளே போனால் போதும், டெலிவரி வால்வு ஒழுங்காக உட்காராது.